கோட்டை கட்டாத ஆட்டக்காரன்

தமிழரசனுக்குச் சதுரங்கம் வராது. இதை யாரும் புறம் பேசிச் சொல்லவில்லை, அவன் மனைவி இசைவாணியே வாய்விட்டுச் சொல்வாள். ஆறு வருஷமாகக் கைப்பேசியில் ஆடுகிறான், ரேட்டிங் எண்ணூற்றெழுபதுக்கும் எண்ணூற்றுத் தொண்ணூறுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே கிடக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிய லாரிகூட ஒரு நேரம் நகர்ந்துவிடும், இவர் நகரமாட்டார் என்பாள். அவளுடைய ரேட்டிங் ஆயிரத்து நூற்று நாற்பது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டாள்.

அவனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் சாரம் கட்டுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் ஊருக்கு வருவான். இங்கே நீடாமங்கலத்துக்குத் தெற்கே கோரையாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர், மாமியார் நீலாம்பாள், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வானதி, ஒரு கறவை மாடு எல்லாம் இசைவாணி தலையில். போனில் பேச உட்கார்ந்தால் இருவருக்கும் பொருந்தாது. "விதை நெல்லு எங்க வாங்குன?" என்று அவன் ஆரம்பிப்பான். "ஏன், நான் வாங்குனா மொளைக்காதா?" என்று இவள் கேட்பாள். "அப்ப நான் எதுக்கு இங்க கெடந்து சாவுறேன்?" என்பதில் வந்து முடியும். அதனால் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று தாமாகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். மற்ற நாட்களுக்கு ஆட்டம்.

ஒரு காய்க்கு மூன்று நாள் வரை கெடு உண்டு. ஆனாலும் இவர்கள் ஒரு நாளைக்கு ஐந்தாறு காயாவது நகர்த்திவிடுவார்கள். சாயங்காலம் அவன் காய் நகர்ந்தால், சாரத்திலிருந்து முழுசாக இறங்கி, குளித்து, கட்டிலில் சாய்ந்துவிட்டான் என்று இசைவாணிக்குத் தெரியும். இவள் காய் நகர்ந்தால் வீட்டில் எல்லாரும் சுகம் என்று அவனுக்குத் தெரியும். யார் யாரை வெட்டினார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவன் ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. எடுத்த எடுப்பில் இரண்டு ஓரத்துச் சிப்பாய்களையும் விரட்டுவான். குதிரைகள் இரண்டும் லாயத்திலேயே நிற்கும். எதிரே எதை நீட்டினாலும் வெட்டிவிடுவான், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டான். பந்தியில் இலை போட்டபின் யோசிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தாலும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டான். ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும் மிஞ்சினாலும், செக்மேட் என்று கட்டத்தில் எழுதி வரும் வரைக்கும் ஆடுவான்.

எல்லாவற்றுக்கும் மேலே, அவன் கோட்டை கட்டமாட்டான். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி, ராஜாவை ஓரத்தில் பத்திரமாக உட்கார வைக்கிற அந்த ஆட்டம் உலகத்தில் எல்லாரும் ஆடுவது. ஆனால் தமிழரசன் ஆட்டம் கற்றது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த சலூனில். அங்கே நடந்தது பழைய ஊர்க்கணக்கு. சிப்பாய்க்கு ஓரடிதான். ராஜாவுக்குக் கோட்டை கிடையாது, செக் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். கைப்பேசி அந்தத் தாவலை ஒப்புக்கொள்ளவில்லை. சரி, தாவ விடாவிட்டால் போகட்டும் என்று அவன் ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நடத்தியே ஓரத்துக்குக் கொண்டுபோனான். "ஒரே நேரத்துல ரெண்டு காய நகத்துறது கள்ளாட்டம்" என்பான். எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தும் கேட்கவில்லை. அவன் ராஜா நடந்து போய்ச் சேருவதற்குள் இசைவாணி பாதி காய்களை வெட்டிவிடுவாள்.

புரட்டாசிக் கடைசியில், சம்பா நடவு முடிந்து முதல் களை எடுக்கிற சமயத்தில், ஒரு நாள் முழுக்க அவன் காய் நகரவில்லை. மறுநாள் காலை "ஓவர்டைம்" என்று ஒரு செய்தியும், அதன் பின்னால் ஒரு காயும் வந்தன. சாதாரணக் காய்தான். அடுத்த ஆட்டத்தில் எட்டாவது நகர்த்தலில் தமிழரசன் கோட்டை கட்டினான்.

இசைவாணி அப்போது வாய்க்கால் கரையில் நின்றிருந்தாள், தண்ணீர் தங்கள் மடைக்கு வருவதற்காக. போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். "வந்துட்டாருய்யா வாத்தியாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டு எழுதினாள். யூடியூபில் பார்த்தேன் என்று பதில் வந்தது. அந்த ஆட்டத்தில் அவள் தோற்றாள். அடுத்ததிலும் தோற்றாள். ஆறு வருஷத்தில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு தடவைதான் அவனிடம் தோற்றிருப்பாள், அதுவும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவசரத்தில் ஆடியவை.

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கணக்குப் பார்ப்பவள் அவள்தான். "அம்மா, அப்பா ஆயிரத்தத் தொட்டுட்டாரும்மா" என்று ஒரு நாள் ஓடிவந்தாள். இரண்டு வாரத்தில் ஆயிரத்து நூறு. அவன் வெளியாட்களோடும் ஆடி, வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தான். ரேட்டிங் ஏறுகிற வரைபடத்தை வானதி படமாக எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நாள்ல ஒன்னத் தாண்டிருவாரு, பாரு" என்று அம்மாவைச் சீண்டினாள். ஐப்பசியில் தாண்டியும்விட்டான். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

ஞாயிற்றுக்கிழமை போன் வரத்தான் செய்தது. "நல்லாருக்கேன். நீ நல்லாருக்கியா? சாப்ட்டியா?" என்பான். இசைவாணி வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாள். பக்கத்து வயல்காரர் இராஜாங்கம் வரப்பை ஒரு முழம் நம் பக்கம் வெட்டிவிட்டார் என்று இல்லாத ஒன்றைச் சொன்னாள். தமிழரசன் வரப்பு விஷயத்தில் சாமி ஆடுகிற ஆள். "சரி. சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறும் அதே மூன்று வாக்கியம், அதே வரிசையில். தீபாவளிக்கு முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். போன் கீழே விழுந்து கேமரா உடைந்துவிட்டது என்று இம்முறை செய்தி மட்டும் வந்தது.

"அதான் புள்ள நல்லாருக்கேன்னு சொல்லுறான்ல, அப்பறம் என்ன ஒனக்கு?" என்றாள் நீலாம்பாள்.

"நல்லாருக்காரு அத்த. ரொம்ப நல்லாருக்காரு, அதான் கேக்குறேன்" என்றாள் இசைவாணி.

அவளுக்கு வந்த முதல் சந்தேகம், வெளிநாட்டில் புருஷனை வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் வருகிற சந்தேகம்தான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த யாரோ ஆணா, பெண்ணா? அந்த ஊரில் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடுவார்கள் என்று அவனே ஒரு தரம் சொல்லியிருக்கிறான். அவர்களில் எவளுக்காவது சதுரங்கம் தெரிந்திருக்குமோ? இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே சோறு இறங்காமல் கிடந்தாள். பதினேழு வருஷம் பேச்சுக்குப் பேச்சு மல்லுக்கு நின்றவன் "சரி, சரி" என்று போனை வைக்கிறான் என்றால், சண்டை போட இனி இவள் தேவையில்லை என்று அர்த்தம். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ஆத்திரத்தில் ஒரு பொறி வைத்தாள். தன் குதிரையைக் கொண்டுபோய் அவன் சிப்பாய் வாயிலேயே வைத்தாள். வெட்டினால் மூன்றாவது நகர்த்தலில் அவன் ராணி போகும். தமிழரசனாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் வெட்டியிருப்பான். இந்தத் தமிழரசன் வெட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, ராணியை ஒரு கட்டம் பின்வாங்கி வைத்தான்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அந்த ஆட்டத்தில் அவன் தோற்றான். தோற்க வேண்டுமென்றே தோற்றான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு யானையைச் சும்மா கொடுத்தான், பிறகு ஒரு மந்திரியைக் கொடுத்தான், பிறகு "நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவன் மோசமாக ஆடிக் காட்டுகிறான். ஆனால் தமிழரசனைப் போல மோசமாக ஆட அவனுக்குத் தெரியவில்லை. இன்னொருவர் சொல்லிக்கொடுக்க ஆடுகிறவன் தோற்கும்போதாவது தன் சுபாவத்தில் தோற்பான். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை, ஆடுகிறவனே அவன் இல்லை.

அப்படியானால் அவன் எங்கே?

களத்துமேட்டில் மாட்டுக்கு வைக்கோல் உருவிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னொருத்தி இருந்தால்கூடப் பரவாயில்லை, ஆள் இருந்தால் போதும் என்று அந்த நிமிஷத்தில் நினைத்தாள். நேற்றுவரை எவளைச் சபித்தாளோ அவளே இருக்கட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிறகு ஆட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுகிற பெட்டியைத் திறந்து, "நீங்க யாரு? அவருக்கு என்ன ஆச்சு? உண்மையச் சொல்லுங்க" என்று எழுதினாள்.

பதில் வரவில்லை. அன்று காயும் நகரவில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்குத் தெரியாத ஒரு சிங்கப்பூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணி, நான் சூர்யபிரகாஷ் பேசுறேன். திருத்துறைப்பூண்டிக்காரன். அண்ணன்கூட ஒரே ரூம்ல இருக்கேன்."

"இருக்காராங்க?"

"இருக்காரு அண்ணி. சத்தியமா இருக்காரு. அழாதீங்க."

அவள் அழவில்லை. அழுதது அவன்தான். நாற்பத்திரண்டு நாளாக நெஞ்சில் வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினான். சாரத்தின் மூன்றாம் தட்டிலிருந்து தமிழரசன் வழுக்கி விழுந்தான். தலைக்கவசம் இருந்தும் பக்கவாட்டில் அடி. விழுந்தபோது நினைவோடுதான் இருந்தான், எழுந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் கேட்டான். ஆம்புலன்சில் போகும்போது சூர்யபிரகாஷின் கையில் போனைக் கொடுத்து, அதைத் திறக்கும் எண்ணையும் சொன்னான். "களையெடுக்குற நேரம்டா, வீட்டுக்குச் சொல்லாத. ஆட்டத்த மட்டும் விட்டுறாத. ரெண்டு நாளு காய் நகரலன்னா அவ கண்டுபிடிச்சிருவா." ஆஸ்பத்திரி வாசலில் நினைவு தப்பியது. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அன்றைக்கே திறந்து எடுத்தார்கள்.

"பத்து நாள்ல எந்திரிச்சு உக்காந்துருவாரு, அப்பறம் அவரே பேசிக்குவாருன்னு நெனச்சேன் அண்ணி. எனக்குக் காலேஜ்ல இருந்தே இந்த ஆட்டம் நல்லா வரும். ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து உக்காந்து நேரம் போகல. அப்படியே வெளியாளுங்களோடயும் ஆடிட்டேன். ரேட்டிங் ஏறுனப்பதான் தப்புப் பண்றோம்னு தெரிஞ்சுது. தோத்தும் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றாள் இசைவாணி.

"ஞாயித்துக்கிழம பேசுனது அண்ணன்தான் அண்ணி. நான்தான் சொல்லிக்குடுத்துப் பேச வச்சேன்."

"இப்ப எப்பிடி இருக்காரு? மறைக்காமச் சொல்லுங்க."

நடக்கிறார் என்றான். சாப்பிடுகிறார். அம்மாவை, உங்களை, வானதியைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லை. கேள்வி கொஞ்சம் நீளமாக இருந்தால் பாதியில் கழன்றுவிடுகிறார். இன்னும் மூன்று வாரத்தில் ஊருக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கங்க அண்ணி" என்று முடித்தான்.

"எங்க தம்பி போச்சு? தலையிலேயேதான நின்னுருக்கு" என்று கத்திவிட்டாள். பிறகு அவன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றி, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் திரும்பவும் அழுதான்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. "ஆட்டம் ஆடுறாரா?"

ஒரு வாரத்துக்கு முன்னால் சூர்யபிரகாஷ் காட்டிப் பார்த்தானாம். தமிழரசன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கலர் நல்லா இருக்கு என்றானாம்.

இசைவாணி நம்பவில்லை. அதை நம்புவதற்கு அவள் தயாராக இல்லை என்பதுதான் சரி. பேச்சு போகட்டும், ஞாபகம் போகட்டும், சலூனில் பத்து வயதில் பிடித்த பழக்கம் அது. நீச்சல் தெரிந்தவன் ஆற்றில் விழுந்தால் கை தானாக அடிக்காதா? இந்தப் பையன் ஏதோ அவசரத்தில், அசதியாகக் கிடந்த நேரத்தில் காட்டியிருப்பான். சாயங்காலம் அவள் ஆட்டத்தைத் திறந்தாள். ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் வேண்டாம் என்று, புதிதாக ஒன்று தொடங்கினாள். தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிஷம்.

"தம்பி, இனிமே நீங்க தொடாதீங்க. போன அவரு கையில குடுத்துருங்க. எது செஞ்சாலும் அவரே செய்யட்டும்" என்று எழுதினாள்.

"மூணு நாள் கெடு முடிஞ்சா ஆட்டம் போயிரும் அண்ணி."

"போகட்டும்."

ஒரு காய் நகர்ந்தால் போதும் என்று அவள் தனக்குள் ஒரு முடிவு வைத்துக்கொண்டாள். எந்தக் காயாக இருந்தாலும் சரி, எவ்வளவு முட்டாள்தனமான காயாக இருந்தாலும் சரி. ஒன்று நகர்ந்துவிட்டால் ஆள் உள்ளே இருக்கிறான், மீதியைச் சோறு போட்டு, பேச்சுக் கொடுத்து, சண்டை போட்டு வெளியே கொண்டுவந்துவிடலாம். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை காலையில் பயிர் முழுகிக் கிடந்தது, தோகை நுனி மட்டும் வெளியே தெரிந்தது. இசைவாணி மண்வெட்டியோடு போய் வடிகால் பக்கம் வரப்பை வெட்டிவிட்டாள். போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இடுப்பில் செருகியிருந்தாள். கால் மணிக்கொரு தரம் சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள். சிப்பாய் தனியாக நடுக் கட்டத்தில் நின்றது. எதிர்ப்பக்கம் பதினாறு காயும் வைத்தது வைத்தபடி இருந்தன.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு காய் வரட்டும், சொல்லும்போது கூடவே ஒரு நல்ல சேதியும் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். "அப்பா ஏம்மா ரெண்டு நாளா ஆடல?" என்று வானதி கேட்டபோது, "ஓவர்டைம்" என்று தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அவளுக்கே திக்கென்றது. நீலாம்பாள் ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மட்டும், "நீ ஏன்டி சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?" என்றாள்.

சூர்யபிரகாஷ் அவ்வப்போது செய்தி அனுப்பினான். காலையில் போனைக் கொடுத்தேன், பார்த்தார், தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். மத்தியானம் நர்ஸ் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். சாயங்காலம் நானே பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணி ஆடியிருக்காங்க அண்ணே என்றேன், வாணியா என்று கேட்டுச் சிரித்தார். அந்தக் கடைசிச் செய்தியை இசைவாணி இருபது தரம் படித்திருப்பாள். பெயரைக் கேட்டுச் சிரித்திருக்கிறான், கை மட்டும்தான் வரவில்லை, அதுவும் வந்துவிடும் என்று வெள்ளிக்கிழமை விடிகிற வரைக்கும் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உரம் வாங்க நீடாமங்கலம் போனாள். வேண்டுமென்றேதான் போனாள். வீட்டில் இருந்தால் மகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் அந்த நான்கு மணி பத்து நிமிஷத்தைத் தாண்ட முடியாது. திரும்பும்போது கேட் போட்டிருந்தது. முன்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு நெல் லாரியும், பின்னால் வால் தெரியாத வரிசை. சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மாற்றுகிறார்களாம். வழக்கமாக அந்த இடத்தில் அவள் ஓர் ஆட்டத்தையே முடித்துவிடுவாள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது.

எஞ்சின் கேட்டைத் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. கடலை விற்கிறவர் வந்து நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார். பத்து நிமிஷம். ஏழு. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தொடுங்க, ஏதாவது ஒண்ணத் தொடுங்க, ஓரத்துச் சிப்பாயத்தான் தொடுங்களேன். மூன்று நிமிஷம் மிஞ்சியபோது நிமிஷக்கணக்கு மறைந்து, வினாடிகள் ஓடத் தொடங்கின. யாரோ பின்னால் ஹாரனை அழுத்தினான், கேட் திறக்காது என்று தெரிந்தும். அவள் திரும்பி அவனை முறைத்துவிட்டு மறுபடி போனைப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது. நீங்கள் வென்றீர்கள் என்றது போன். எதிராளியின் நேரம் முடிந்தது. உங்கள் ரேட்டிங் ஒன்பது புள்ளி உயர்ந்தது.

கேட்டைப் பார்த்தபடியே நின்றாள். கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது, துடைக்கவும் தோன்றவில்லை. உடனே போன் அடித்தது.

"அண்ணி, அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன். அண்ணே, அண்ணி பேசுறாங்க."

"வாணி" என்றான் தமிழரசன். சொல்லிக்கொடுத்த குரல் இல்லை, அவன் குரலேதான். கொஞ்சம் மெதுவாக இருந்தது.

"சொல்லுங்க."

"தம்பி சொல்றான், ஆட்டம் முடிஞ்சிருச்சாமே?"

"ஆமா, முடிஞ்சிருச்சு."

"யாரு ஜெயிச்சா?"

ஆறு வருஷத்தில் அவனுக்காக இசைவாணி ஒரு ஆட்டத்தைக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

"நீங்கதான்" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எந்தக் காயால வெட்டுனேன், சொல்லு பாப்போம் என்று கேட்பான். பொய் சொல்லாதடி, ஒன்ன எனக்குத் தெரியாதா என்று சிரிப்பான். ஒரு சொல், ஒரே ஒரு எதிர்ச்சொல் வந்தால் போதும். எஞ்சின் தண்டவாளத்தில் கடகடவென்று போன சத்தம் அடங்குகிற வரைக்கும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நானா?" என்றான் தமிழரசன். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். "டேய் தம்பி, நான் ஜெயிச்சுட்டேன்டா." பிறகு அவளிடம், "சரி வாணி. சாப்ட்டியா?" என்றான்.

"சாப்ட்டேங்க" என்றாள் அவள்.